மலர்வளையம் வைக்க வராதவர்கள்

தளிப் பக்கம் ரோஜா வளர்ப்பவர்களுக்கு பிப்ரவரி 14 மூச்சு விடுகிற நாள். காதலர் தினத்துக்கான பூக்கள் ஜனவரிக் கடைசியிலிருந்தே பெட்டி பெட்டியாகக் கிளம்பிவிடும். தேதி வந்துவிட்டால் ஓட்டம் முடிந்தது. மறுநாள் நிதானமாக உட்கார்ந்து போனைப் பார்க்கலாம்.

2025-ல் அந்த மறுநாள், பிப்ரவரி 15, சனிக்கிழமை. அன்று போனைப் பார்த்த தமிழர்களில் பலருக்கு ஒரு பக்கம் திறக்கவில்லை. விகடன் இணையதளம். சிலருக்குத் திறந்தது, சிலருக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் மோசம் என்று போனை அணைத்துப் போட்டவர்கள் உண்டு. எல்லையோரத்தில் அது நியாயமான சந்தேகம்தான். தளியிலிருந்து கர்நாடகம் கூப்பிடு தூரம். போனுக்கே சில நேரம் எந்த மாநிலத்து டவரைப் பிடிப்பது என்று குழப்பம் வரும்.

டவரில் கோளாறு இல்லை. ஒரு கார்ட்டூன்தான் காரணம்.

விகடன் குழுமத்தின் டிஜிட்டல் இதழான விகடன் பிளஸ்ஸில், பிப்ரவரி 10 தேதியிட்ட இதழின் அட்டையில் அது வந்திருந்தது. அமெரிக்க அதிபர் டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி கை கால்களில் விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல வரைந்திருந்தார்கள். வெறும் வானத்திலிருந்து குதித்த கற்பனை அல்ல அது. பிப்ரவரி 5-ம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரஸில் வந்து இறங்கியது. ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்ட 104 இந்தியர்கள் அதில் இருந்தார்கள். கையிலும் காலிலும் விலங்கு போட்டே அழைத்து வந்ததாக இறங்கியவர்கள் சொன்னார்கள். நாடாளுமன்றத்திலும் அது எதிரொலித்தது. பிரதமர் அமெரிக்கா கிளம்பும் நேரம். இதைப் பற்றி அங்கே பேசுவாரா, மாட்டாரா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் கார்ட்டூன் ஒரே படத்தில் கேட்டது.

படம் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். நாட்டின் பிரதமரை இப்படி வரையலாமா என்று கேட்டார்கள். கேட்கலாம், தப்பில்லை. தமிழக பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை புகாரும் கொடுத்தார். ஆனால் புகார் போன வேகமும் பக்கம் மறைந்த வேகமும்தான் ஆச்சரியம். தளம் முடங்கும்போது, இன்ன காரணத்துக்காக முடக்குகிறோம் என்று முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றது நிறுவனம். ஒரு பக்கத்தில் ஒரு படம் பிரச்னை என்றால் அந்தப் பக்கத்தை நிறுத்தலாம். இங்கே மொத்தத் தளத்துக்கும் பூட்டு. சமையல் குறிப்பு, ராசிபலன், பழைய தொடர்கதை எல்லாம் சேர்த்து!

கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம்தான் வழி சொன்னது. மார்ச் 6-ம் தேதி நீதிபதி பரத சக்கரவர்த்தி ஓர் இடைக்கால உத்தரவு போட்டார். அந்தக் கார்ட்டூன் பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், எடுத்ததும் தளத்தைத் திறந்துவிடுங்கள் என்பது அதன் சாரம். அப்படியே நடந்தது. தளம் திரும்பி வந்தது, படம் வரவில்லை.

ஆனால், விகடன் பிளஸ் என்று ஓர் இதழ் இருப்பதே தெரியாதவர்கள்கூட இதற்குள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். குடும்ப குரூப், பழைய மாணவர் குரூப், ஷிப்ட் குரூப் என்று எல்லாவற்றிலும் சுற்றியது.

இதற்கு மேலை நாட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 2003-ல் அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட், கடற்கரை அரிப்பை ஆவணப்படுத்த எடுத்த ஆயிரக்கணக்கான வான்படங்களில் ஒன்றில் தன் வீடு தெரிகிறது என்று வழக்குப் போட்டார். வழக்குக்கு முன்னால் அந்தப் படத்தை இறக்கிப் பார்த்தவை மொத்தமே ஆறு முறை. அதில் இரண்டு அவருடைய வக்கீல்கள்! வழக்குச் செய்தி வந்த ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேலானவர்கள் அந்தத் தளத்துக்குப் படையெடுத்தார்கள். மறைக்கப்போய் ஊருக்கே காட்டுவதற்கு 'ஸ்ட்ரைசாண்ட் விளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் பிறப்பதற்குப் பல வருடம் முன்னாலேயே தமிழ்நாடு இதை ஒரு தடவை பார்த்துவிட்டது.

*

1987. எம்.ஜி.ஆர். முதலமைச்சர், பி.ஹெச்.பாண்டியன் சபாநாயகர். அந்த மார்ச் மாதக் கடைசியில் வந்த ஆனந்த விகடன் இதழின் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட்டையும் முகமூடிக் கொள்ளைக்காரனையும் அடையாளமாகச் சொல்கிறார் இன்னொருவர். அவ்வளவுதான். எந்த எம்.எல்.ஏ., எந்த மந்திரி என்று பெயர் இல்லை, சாயல் இல்லை. டீக்கடையில் தினமும் அடிக்கிற ஜோக்தான்.

சட்டமன்றம் கொந்தளித்தது. உரிமை மீறல் என்றது. மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. ஏப்ரல் 4-ம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்மானம் போட்டு, அவரைப் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டார்கள். விசாரணை இல்லை, வாதம் இல்லை. புண்பட்டவர்களே தீர்ப்பும் எழுதினார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் விசேஷம். பத்திரிகையாளர்கள் கட்சி வித்தியாசம் பார்க்காமல் தெருவில் இறங்கினார்கள். நாடு முழுவதும் கண்டனம். ஒரு வாரம்கூட உள்ளே வைத்திருக்க முடியவில்லை, விடுதலை செய்துவிட்டார்கள். ஆசிரியர் அதோடு விடவில்லை. தன்னைக் கைது செய்தது செல்லாது என்று நீதிமன்றம் போனார், ஜெயித்தார். நஷ்ட ஈடு ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரத்தை அவர் செலவழிக்காமல் ஃப்ரேம் போட்டு வைத்துக்கொண்டார்.

இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பத்திரிகை வாசகரிடம் 1987 என்று சொல்லிப் பாருங்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்கு அடுத்ததாக இந்த ஜோக் வந்துவிடும். அந்த வருடம் சட்டமன்றத்தில் என்னென்ன மசோதாக்கள் நிறைவேறின என்று யாருக்கும் நினைவில்லை. ஜோக் நினைவிருக்கிறது. அரசாங்கம் தன் கையாலேயே நினைவுச் சின்னம் கட்டிக்கொடுத்த ஜோக் ஆயிற்றே!

*

இன்னும் பத்து வருடம் பின்னால் போனால் ஆட்டமே வேறு. 1975 ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தது. டெல்லியில் பத்திரிகைகள் அச்சாகும் தெருவில் அன்றிரவு மின்சாரம் நின்றது. அடுத்த நாளிலிருந்து எதை அச்சடித்தாலும் தணிக்கை அதிகாரியிடம் காட்டியாக வேண்டும். வானொலியும் தொலைக்காட்சியும் ஏற்கெனவே அரசின் கையில். ஆல் இந்தியா ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஜனங்கள் மாற்றிக்கொண்டார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். தணிக்கைக்குச் சிக்காத விமர்சனம், ஏனென்றால் அது அச்சில் வரவில்லை, வாயில் இருந்தது.

அரசு நிகழ்ச்சி ஒன்றில் பாட ஒப்புக்கொள்ளாததற்காகப் பாடகர் கிஷோர்குமாரின் பாட்டுகளையே வானொலியும் தூர்தர்ஷனும் நிறுத்திய காலம் அது. அரசியல் தெரியாதவர்களுக்கும், பாட்டு கேட்கவில்லையே என்ற வகையில் நெருக்கடி நிலை வீட்டுக்குள் வந்தது.

பம்பாயில் ஒருவர் குறும்பு செய்தார். ஆங்கிலப் பத்திரிகையின் வரி விளம்பரப் பகுதியில் ஒரு மரண அறிவிப்புக் கொடுத்தார். பார்வைக்குக் கிறிஸ்தவக் குடும்பத்து இரங்கல் செய்தி. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் இறந்தவர் பெயர் ஜனநாயகம், மனைவி பெயர் உண்மை, பிள்ளை பெயர் சுதந்திரம். காசு வாங்கி, ரசீது போட்டு அச்சடித்துவிட்டார்கள். மரண விளம்பரத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

தமிழில் சோ வேறு வழி பிடித்தார். துக்ளக்கில் ஒரு சினிமா விமர்சனம் வந்தது. படம் 1951-ல் வெளியான, எம்.ஜி.ஆர். நடித்த 'சர்வாதிகாரி'. கால் நூற்றாண்டுக்கு முந்தைய படத்துக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று தணிக்கைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. வாசகர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் இதில் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். அந்தப் படத்தை எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். படம் வந்த காலத்தில் தளியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1965-ல் தருமபுரி பிரிந்தது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. சர்வாதிகாரியைப் படம் பிடித்தது, ஒரு வகையில், நம்ம மாவட்டத்தில்!

ஆனால் இந்த வரிசையில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது முரசொலியில் வந்த ஒரு பட்டியல்.

1976 ஜனவரி 31-ம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. அன்றிரவு முதலே கைதுகள். மிசா சட்டம் என்பதால் காரணம் சொல்ல வேண்டாம், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். யாரைப் பிடித்தார்கள், யார் தலைமறைவு, யார் எந்தச் சிறையில் என்று வீட்டாருக்கே தெரியாத நிலை. கைதானவர்களின் பெயரைப் பத்திரிகையில் போடவும் அனுமதி இல்லை. வேலூரிலோ மதுரையிலோ ஒரு தாய் தன் மகன் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறாள், பதில் அரசிடம் இருக்கிறது, ஆனால் அச்சில் வரக் கூடாது.

பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். ஒவ்வொரு வருடமும் கட்சிக்காரர்கள் சென்னைக் கடற்கரையில் அண்ணா சதுக்கத்துக்குப் போய் மலர்வளையம் வைப்பார்கள். அந்த வருடம் முரசொலியில் கருணாநிதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று தலைப்பு, கீழே ஊர் வாரியாகப் பெயர்கள். தணிக்கை அதிகாரி பார்த்திருப்பார். உடம்பு சரியில்லாதவர்கள், வெளியூர் போனவர்கள் என்று நினைத்திருப்பாரோ என்னவோ, அப்படியே போக விட்டார். ஊர்களில் அதைப் படித்தவர்கள் ஒரு பெயரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்கள். உள்ளே இருக்கிறார், உயிரோடு இருக்கிறார்.

வெறும் பெயர்ப் பட்டியல். கேலி இல்லை, கார்ட்டூன் இல்லை, ஓர் உவமைகூட இல்லை. இருந்தும் அந்தக் காலத்தின் மிகக் கூர்மையான நையாண்டி இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் அதைப் படித்த ஒவ்வொருவரும் அச்சில் இல்லாத ஒரு வரியைத் தாங்களே சேர்த்துப் படித்தார்கள். ஒரு மாநிலமே சேர்ந்து எழுதிய வரி அது.

*

இப்போது போனுக்குத் திரும்புவோம்.

அந்த ஜோக்கும் பட்டியலும் தப்பிப் பிழைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. அவை காகிதத்தில் இருந்தன. அரசு ஆசிரியரைப் பிடிக்கலாம், வீடு வீடாகப் போய் லட்சம் பிரதிகளைப் பிடுங்க முடியாது. பரணில், பெட்டியடியில், பொட்டலம் கட்டுகிற கடையில் ஒரு பிரதி கிடக்கும். தவிர, அச்சாகிற புத்தகம், பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைச் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954-ம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்திரிகைகள் அதில் 1956-ல் சேர்ந்தன. பிடிக்காத ஜோக்கையும் அரசு நூலகமே பத்திரமாக வைத்திருக்கும்படியான சட்டம். யாரும் திட்டம் போட்டுச் செய்யாத நல்ல காரியம்!

இணையத்தில் மட்டும் வருகிற இதழுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது ஒரே இடத்தில், ஒரு சர்வரில் இருக்கிறது. எடுத்துவிட்டால் எடுத்த தடம்கூடத் தெரியாது. நெருக்கடி நிலையில் தணிக்கைக்காரர் வெட்டினால் அந்த இடத்தை வெள்ளையாக விட்டு அச்சடித்த பத்திரிகைகள் உண்டு. வெள்ளை இடம் பேசியது. போனில் வெள்ளை இடம் கிடையாது, அடுத்த பதிவு மேலே ஏறி வந்துவிடும்.

எல்லோருக்கும்தான் ஃபார்வர்டு வந்துவிட்டதே, பிறகு என்ன கவலை என்று கேட்கலாம். ஃபார்வர்டில் படம் வந்தது, சரி. வரைந்தவர் பெயர் வந்ததா? ஹாசிப் கான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எந்த இதழ், எந்தத் தேதி, எந்த விமானம், எத்தனை பேர்? இதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஐந்தாவது குரூப்புக்கு வரும்போது யாரோ ஓரத்தை வெட்டியிருப்பார்கள். பத்தாவது குரூப்பில் மேலே ஒரு வசனம் ஒட்டியிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு பிரதமர் பயணத்தின்போது அதே படம் புதுசுபோல வரும். படம் பிழைத்தது, அது எதைச் சொன்னதோ அது பிழைக்கவில்லை. விலங்கோடு வந்த 104 பேரில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் நினைவில் நிற்க, கூடவே நாலு வரி வேண்டியிருக்கிறது.

முழுசாக அழிந்துபோன நையாண்டியும் உண்டு. 'கிஸ்ஸா குர்சி கா' என்று ஓர் இந்திப் படம். அம்ரித் நஹாட்டா எடுத்தது, இந்திரா காலத்து அதிகாரத்தைக் கிண்டல் செய்தது. நெருக்கடி நிலையில் அதன் பிரதிகளையும் நெகட்டிவையும் கைப்பற்றி, டெல்லிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். விசாரணைக் கமிஷன் வந்து, வழக்கு நடந்து, 1978-ல் வேறு நடிகர்களைச் சேர்த்து மறுபடி எடுத்தார் நஹாட்டா. இன்று கிடைப்பது அந்த இரண்டாவது படம். முதல் படம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் சொல்லக் கேட்டால்தான் உண்டு. சொல்பவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

*

எல்லா நையாண்டியும் மேல்நோக்கியே போகும் என்று நினைத்தால், ஓசூர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

2016 செப்டம்பர். காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. கன்னட நடிகர்கள் போராட்டம் நடத்தினார்கள். பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் மாணவர் அந்த நடிகர்களைக் கேலி செய்து ஃபேஸ்புக்கில் மீம் போட்டார். சிலர் அவரைத் தேடிப் பிடித்து அடித்தார்கள், மன்னிப்புக் கேட்க வைத்து அதைப் படமும் எடுத்தார்கள். மீம் எத்தனை பேரைச் சேர்ந்ததோ தெரியாது, அடிக்கிற வீடியோ இரண்டு மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பதிலுக்குச் சென்னையில் ஒரு ஹோட்டல் தாக்கப்பட்டது. செப்டம்பர் 12-ம் தேதி பெங்களூர் எரிந்தது. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பணிமனையில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் சாம்பலாயின. ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையில் பஸ் நின்றுபோய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள்.

தளி மாதிரி ஊருக்கு இது வெளியூர்ச் செய்தி இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்தப் பக்கம். காய்கறி போவது அந்தப் பக்கம். ஆனேக்கல், ஜிகணி கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, அங்கிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. இங்கே ஒரு மீமை ஃபார்வர்டு செய்கிறவர், பெரும்பாலும் அதில் கிண்டலடிக்கப்படுகிறவரின் மச்சான்.

ஆகவே, கேலி என்றால் எதுவும் சரி என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து மாநிலத்துக்காரனைக் கேலி செய்வதற்கும், நாற்காலியில் இருப்பவரைக் கேலி செய்வதற்கும் உள்ள வித்தியாசம் எல்லையில் வாழ்கிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். அடி விழுகிற இடம் வேறு. சட்டம்தான் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. கலவரத்தைத் தடுக்க என்று வாங்கிய அதிகாரம், கார்ட்டூனுக்கும் சேர்த்தே பயன்படுகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு அப்படிப்பட்டது. நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணையப் பக்கத்தை முடக்கலாம். 2009-ல் வந்த அதன் விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் கைதானது அந்தப் பிரிவில்தான். அதே தீர்ப்பு 69ஏ-வைச் செல்லும் என்றது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாம் என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். காரணம் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் ரகசியம் என்றால் எதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போவது?

இன்னொரு வழியும் இப்போது வந்துவிட்டது. 'சஹ்யோக்' என்று ஒரு போர்ட்டல். அரசு அதிகாரிகள் அதன் வழியாகச் சமூக வலைதள நிறுவனங்களுக்கு, இதை நீக்குங்கள் என்று நோட்டீஸ் அனுப்பலாம். இதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பர் 24-ல் மனு தள்ளுபடி. வழக்கு நடந்த பெங்களூர், தளிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அன்று மாலையே திரும்பிவிடுகிற தூரம்தான். தீர்ப்பைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசியிருக்க வாய்ப்பில்லை. அதில் சிரிக்க எதுவும் இல்லை.

இதை ஒரு கட்சிக் கணக்காகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய கோவனைத் தேச துரோக வழக்கில் 2015-ல் பிடித்தது ஜெயலலிதா அரசு. நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது பற்றிக் கார்ட்டூன் போட்ட பாலாவை 2017-ல் பிடித்தது எடப்பாடி பழனிசாமி அரசு. மேற்கு வங்கத்தில் மம்தா பானர்ஜி பற்றிய ஒரு கேலிச் சித்திரத்தை வரையக்கூட இல்லை, மெயிலில் ஃபார்வர்டு மட்டும் செய்த பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012-ல் கைதானார். வழக்கிலிருந்து முழுதாக விடுபட அவருக்கு 2023 ஜனவரி ஆயிற்று. ஒரு ஃபார்வர்டு, பதினோரு வருடம்.

சீனாவில் இந்த விளையாட்டு இன்னும் நுட்பமானது. 1989 ஜூன் 4-ல் தியனன்மென் சதுக்கத்தில் நடந்ததைப் பற்றி அங்கே இணையத்தில் எழுத முடியாது. தேதியை எழுதினாலே போய்விடும். அதனால் 'மே 35' என்று எழுதினார்கள். மே மாதத்துக்கு 31 நாள், அதன்பின் நான்கு நாள் எண்ணிக்கொள்ளுங்கள். அதையும் கண்டுபிடித்துத் தடுத்தார்கள். டாங்கிகளுக்கு முன் தனியாக நின்ற மனிதனின் புகைப்படத்தில் டாங்கிகளுக்குப் பதில் பெரிய மஞ்சள் ரப்பர் வாத்துகளை ஒட்டி விட்டார் ஒருவர். 2013-ல் 'பெரிய மஞ்சள் வாத்து' என்ற சொல்லையே தேட முடியாமல் ஆக்கினார்கள். குழந்தைகள் குளியலறையில் வைத்து விளையாடும் வாத்து! ஆனால் ஒன்று. மே 35 என்றால் என்ன என்று புரிய, ஜூன் 4 தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் சொல்லாவிட்டால், பிறகு பிறந்த பிள்ளைக்கு அது வெறும் தப்பான தேதி.

முரசொலிப் பட்டியலுக்கும் அதுதான் கதி. இன்று அதை யாராவது ஸ்கேன் செய்து குரூப்பில் போட்டால், இருபது வயதுப் பிள்ளைக்கு அது வெறும் பெயர்கள்தான். பக்கத்தில் உட்கார்ந்து, இவர்கள் ஏன் வரவில்லை தெரியுமா என்று ஒரு தாத்தா ஆரம்பித்தால்தான் பட்டியல் பேசும். அந்தத் தாத்தாக்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிவிட்டது. போனில் ரெக்கார்டிங் பட்டன் இருக்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வந்திருக்கும்போது, மிசா சமயத்தில் நம்ம ஊரில் என்ன நடந்தது தாத்தா, எண்பத்தேழில் அந்த ஜோக்கை முதலில் எங்கே படித்தீங்க பாட்டி என்று கேட்டுவிட்டு அதை அழுத்த வேண்டியதுதான். அடுத்த தடவை ஒரு கார்ட்டூனைச் சேமிக்கும்போது, வரைந்தவர் பெயர், இதழ், தேதி இவை தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதற்கு ஒரு விநாடிகூட ஆகாது.

பழைய இதழ்களைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னையில் இரண்டு இடங்கள். ஒன்று எழும்பூரில் உள்ள கன்னிமாரா. இன்னொன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் சைன்போர்டு எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, கையிலிருந்த காசையெல்லாம் போட்டுப் பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று சேர்த்தார். அவர் காலத்துக்குப் பின் 1994-ல் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து நூலகமாயிற்று. தளியிலிருந்து காலையில் ஓசூர் வந்து சென்னை பஸ் பிடித்தால் மாலைக்குள் போய்விடலாம். அன்றைக்கே பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது, ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும்.